பச்சை எரிந்த கதவு

அட்டையைக் காட்டித் திறக்கும் கதவுகளுக்கு, ஆளை விடலாமா கூடாதா என்று தூரத்திலிருந்தே பதில் சொல்வதுதான் கோவையில் உள்ள நாச்சிமுத்து கம்பெனி சர்வரின் வேலை.

"நம்ம சர்வர் 'இல்லை'ன்னு சொல்லவே கூடாது. என்ன கேட்டாலும் 200, அதாவது 'சரி'! முடியாதுன்னா வேலைய விட்டுப் போ" என்று கத்தினார் முதலாளி நாச்சிமுத்து.

புதிதாகச் சேர்ந்த கவிப்பிரியா, "ஆகட்டுங்க சார்" என்று முதலில் ஆபீஸ் வாசல் கதவுக்கே அதைப் போட்டாள்.

மறுநாள் வாடிக்கையாளர்களோடு வந்த முதலாளி அட்டையை நீட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. மிடுக்காக நடந்தவர் மூடிய கண்ணாடியில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

"உங்க அட்டை நேத்தோட காலாவதிங்க சார். பதிலுக்குள்ள 'விடாதே'ன்னு இருந்ததைப் பூட்டு படிச்சிடுச்சு. விளக்கு மட்டும் நீங்க சொன்ன 200-ஐ நம்பிடுச்சு" என்றாள் கவிப்பிரியா.

முதலாளி நெற்றியைத் தடவினார். "ரொம்ப நன்றி அம்மிணி. முதல்ல நம்ம கதவுக்கே போட்டதால, வாங்குறவங்க நெத்தி தப்பிச்சுது. 'அனுமதி இல்லை'ங்கற 403-ஐயே போட்டுரு."

இப்போதெல்லாம் எந்தக் கதவில் சிவப்பு எரிந்தாலும், நாச்சிமுத்து அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் திரும்புகிறார்.