செத்த கிணறுகளின் ஆழம்

மலையடியில் ஒரு மடம். போக்கிடம் இல்லாத பத்தொன்பது பேர் அதில் தங்கியிருந்தார்கள். தை பிறந்தபோது ஊருணியில் முழங்கால் அளவுதான் தண்ணீர். பங்குனி முடிவதற்குள் கிணறு அமையாவிட்டால் பத்தொன்பது பேரும் பத்தொன்பது திசைக்குப் போக வேண்டியதுதான்.

கிணறு வெட்டும் பொறுப்பு மாசிலாமணியுடையது. மடத்துக்கு வருமுன் அவருக்கு அதுதான் தொழில். வயது ஐம்பத்தைந்து. குரு திலகவதிக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. ஆனாலும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

ஐப்பசியிலிருந்து மூன்று கிணறு வெட்டிவிட்டார். மூன்றிலும் பாறை.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் காணாத கிணற்றைச் செத்த கிணறு என்பார்கள். மூன்றாம் நாளுக்குள் மண்ணைத் தள்ளி மூடி, மேலே பால் தெளித்து, தொட்டவர்கள் தலைமுழுகிவிட வேண்டும். பிறகு அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. மாசிலாமணி மூன்று முறை பால் தெளித்தார்.

மூன்றாவதை மூடிய மறுநாள் காலை, துணிமூட்டையோடு குருவின் முன்னால் வந்து நின்றார்.

“கிளம்பிட்டீங்களா?” என்றார் குரு.

“ராசியில்லாத கை அம்மா இது. வேற யாரையாவது வச்சு வெட்டுங்க.”

“ஏதோ கேக்கணும்னு நிக்கிறீங்க. கேட்டுட்டுப் போங்க.”

மாசிலாமணி மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டார். “மூணையும் எப்படி மறக்கிறது? படுத்தா கடப்பாறை பாறையில மோதுற சத்தம்தான் கேக்குது. போனது போகட்டும், மனசைத் தேத்திக்கிட்டுப் புதுசா ஆரம்பின்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு முடியலை.”

“முதல் கிணத்துல எத்தனை முழத்துல பாறை வந்தது?”

அவர் யோசித்தார். “வந்தது. அவ்வளவுதான் தெரியும்.”

“ரெண்டாவதுல?”

“அளக்கவா தோணும்? எப்படா மூடுவோம்னு இருந்தது.”

“மறக்க முடியலைன்னீங்களே. எதை?”

குரு எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முதல் கிணறு இருந்த இடத்துக்குப் போனார். மூடிய மண்ணை வெட்ட ஆரம்பித்தார்.

சமையல்காரி காத்தாயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “இதென்ன கூத்து. புதைச்ச பொணத்தைத் தோண்டி நாடி பிடிச்சுப் பாக்கப் போறாங்களா?”

“ஆமா. நீ வந்து கூடையைப் பிடி.”

“நான் சோறாக்குறவ. செத்ததைத் தொட மாட்டேன்.”

குரு வெட்டுவதை மாசிலாமணியால் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நிற்க முடியும்? மூட்டையை இறக்கினார். மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

இளகிய மண்தான். ஒன்பதாம் நாள் பாறை தெரிந்தது. கயிறு விட்டு அளந்தார். பதினாலு முழம்.

குரு மேலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் கயிற்றில் கட்டி இறக்கப் போனார். காத்தாயி ஓடிவந்து கயிற்றைப் பிடித்தாள். “ஆளுக்கு மூணு சொம்புன்னு அளந்து ஊத்திட்டிருக்கேன். இது யாரோட பங்கு?”

“என் பங்கு.”

அவள் கயிற்றை விட்டாள்.

“பாறை மேல ஊத்துங்க மாசிலாமணி. எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க.”

ஊற்றினார். தண்ணீர் கொஞ்சம் தயங்கியது. பிறகு தென்கிழக்கு மூலைக்கு ஓடி மண்சுவருக்கு அடியில் நுழைந்துவிட்டது.

மாசிலாமணி அந்த மூலையிலேயே குந்திவிட்டார்.

“என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்லம்மா. அன்னைக்கு இதே இடத்துல உக்காந்து அழுதேன். பாறை சாஞ்சிருக்கிறது கண்ணுல படலை.”

இரண்டாவதையும் திறந்தார்கள். இந்தத் தடவை காத்தாயி தானாகவே வந்து கூடையைப் பிடித்தாள். “தலைமுழுகத் தண்ணி கிடையாது. தீட்டோடதான் சமைப்பேன். திங்கிறவங்க தின்னுங்க,” என்றாள். எல்லாரும் தின்றார்கள்.

பதினெட்டு முழம். ஓட்டம் அதே தென்கிழக்கு.

“மூணாவதைத் திறக்க வேண்டியதில்லை அம்மா,” என்றார் மாசிலாமணி. “அதோட ஆழம் எனக்குத் தெரியும். எட்டு முழம்.”

“அது மட்டும் எப்படித் தெரியும்?”

“ஆறே நாள்ல பாறை வந்துடுச்சு. சீக்கிரம் முடிஞ்சுதேன்னு உள்ளூர ஒரு நிம்மதி. அதான் அளவு மறக்கலை.” தலையைக் குனிந்துகொண்டார். “முதல் ரெண்டும் விளங்காத பக்கம்னு நினைச்சு, தள்ளிப் போய் வடக்கு மேட்டுல வெட்டினேன். தண்ணிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நடந்திருக்கேன்.”

நான்காவது கிணற்றை இரண்டாவதிலிருந்து தென்கிழக்கே இருபது தப்படி தள்ளித் தொடங்கினார். மாசி முழுக்க அதிலேயே போனது. இருபத்துமூன்று முழத்தில் பாறை. மண் கையில் ஈரமாக ஒட்டியது. தண்ணீர் இல்லை.

மூன்றாம் நாள் காத்தாயி பால் கொண்டுவந்தாள். கிணற்று விளிம்பில் உட்கார்ந்திருந்த மாசிலாமணியின் பக்கத்தில் வைத்தாள். அவள் பேசாமல் இருந்ததுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

பாலை எடுத்து அவளிடமே நீட்டினார்.

“இதைக் கொண்டுபோய்க் காய்ச்சு. எல்லாரும் குடிக்கட்டும். எனக்கு ஒரு சொம்புத் தண்ணி கொடு.”

“யாரோட பங்கு?”

“என்னோடது.”

இறங்கினார். ஏறி வந்ததும் நேரே குருவிடம் போனார். மூச்சு வாங்கியது. “இவ்வளவு நாள் தென்கிழக்கா ஓடினது இங்க நேர் கிழக்கா திரும்புது. மேற்கே ஈரமில்லை, கிழக்குச் சுவர்தான் ஊறியிருக்கு. இன்னும் பத்து தப்படி தள்ளி ஒண்ணு போடணும்.”

“ஊருணியில சேறுதான் இருக்கு மாசிலாமணி.”

“தெரியும். பதினெட்டு நாள் கொடுங்க. எல்லாரையும் கொடுங்க.”

கிழவர்கள் கயிறு இழுத்தார்கள். காத்தாயி ஒருவேளைதான் சமைத்தாள், மற்ற நேரம் மண் சுமந்தாள். ஊருணிச் சேற்றைத் துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். பதினேழாம் நாள், இருபத்தாறாவது முழத்தில், மாசிலாமணியின் குதிகாலுக்குக் கீழே சில்லென்றது. சாயங்காலம் அது கணுக்காலை மறைத்தது. மறுநாள் விடிந்தபோது இடுப்பளவு நின்றது.

முதல் குடத்தில் காத்தாயி தலைமுழுகினாள். யாரோட பங்கு என்று யாரும் அவளைக் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து மாசிலாமணி மண்வெட்டியோடு குருவிடம் வந்தார்.

“தண்ணிதான் வந்தாச்சே அம்மா. முதல் ரெண்டு, நாலாவதுன்னு திறந்து கிடக்கிற மூணு பள்ளத்தையும் இனிமே மூடிடலாமா?”

“வேண்டாம். சுத்தி முள்வேலி போடுங்க.”

“அதுல என்ன இருக்கு, வச்சுக் காக்கிறதுக்கு?”

“மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்லயும் ஊருணி வத்திட்டு வருது. எப்படி வெட்டினீங்கன்னு கேட்டு நாளைக்கு ஆள் வருவாங்க. தண்ணி நிக்கிற கிணத்தைக் காட்டினா குடிச்சிட்டுப் போயிடுவாங்க. வெட்டக் கத்துக்க வந்தவங்களை எங்கே கூட்டிட்டுப் போவீங்க?”