தண்ணீர் தெளியும் வரை

நாய்க்கும் மனுஷருக்கும் ஒரே பேச்சாக இருந்த அந்தக் காலத்தில், மழை எட்டிப் பார்க்காத ஒரு பொட்டல் சீமையில் காத்தாயி என்று ஒருத்தி வாழ்க்கைப்பட்டிருந்தாள். பிறந்த ஊர் இரண்டு நாள் நடை. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவள் அண்ணன் வீரணன் ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை. மனசில்லாமல் இல்லை, பஞ்சம் அவனை விடவில்லை. அது காத்தாயிக்கும் தெரியும். தெரிந்தால் ஏக்கம் போய்விடுமா என்ன? ஊற்றுக்குப் போகும்போதெல்லாம் வடக்குப் பாதையை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் குடத்தைத் தூக்குவாள்.

ஏழாம் வருஷம் சித்திரையில் அவன் வந்தேவிட்டான். நல்ல உச்சி வெயில். தோளில் தங்கச்சிக்கென்று ஒரு மூட்டை எள், பின்னால் அவனுடைய நாய் செவலை. வழியில் செவலை கால் ஓய்ந்து படுத்துவிட்டபோது, சுரைக்குடுக்கையில் மிச்சமிருந்த தண்ணீரை அப்படியே அதற்கு ஊற்றிவிட்டான். "குடி, குடி. உனக்கும் உசுருதானே" என்றான், அவ்வளவுதான். தங்கச்சி வீட்டு வேப்பமரம்தான் கண்ணுக்குத் தெரிகிறதே என்ற தைரியம். பொட்டலில் கண்ணுக்குத் தெரிகிறதெல்லாம் பக்கமா? அதற்கப்புறம் அரை நாள் நடந்தான்.

"அண்ணே!" என்று காத்தாயி ஓடிவந்தாள். அழுதாள், சிரித்தாள், மூட்டையை வாங்கினாள், அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "என்னண்ணே இப்படி எலும்பும் தோலுமா வந்திருக்கே!"

"நல்லா இருக்கியா தாயி?" என்றான் வீரணன். குரல் எழும்பவில்லை. வேப்பமரத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

காத்தாயி வீட்டுக்குள் ஓடிப் பானையைத் திறந்து பார்த்தாள். ஊற்றுத் தண்ணீர், செங்காவியாய்க் கலங்கிக் கிடந்தது. அவளும் புருஷனும் தினமும் குடிக்கிற தண்ணீர்தான். ஆனால் அன்றைக்கு அது அவள் கண்ணுக்கு வேறு மாதிரி தெரிந்தது. ஏழு வருஷம் கழித்து வந்தவனுக்கு இந்தச் சேற்றையா கொடுப்பது? செம்பும் ஒரு பக்கம் நசுங்கி, கறுத்துக் கிடக்கிறது. ஊருக்குப் போய் அம்மாவிடம், உன் மகள் கலங்கல் தண்ணீர் குடித்துப் பிழைக்கிறாள் என்று சொன்னால் அந்த மனுஷி தூங்குவாளா?

வெளியே வந்து கேட்டாள். "அண்ணே, உனக்கு என்ன வேணும்? பானகம் கரைக்கட்டா? மோர் வாங்கியாரட்டா?"

பெண்ணைக் கொடுத்த வீட்டில் வாய்விட்டு எதையும் கேட்கக் கூடாது. பெண்ணுக்குக் குறைச்சல் என்பார்கள். அந்தச் சீமையின் வழக்கம் அது. வீரணன் தலையை ஆட்டினான். "ஒண்ணும் வேண்டாம் தாயி. நீ சும்மா வந்து உக்காரு, போதும்."

"தாயி, முதல்ல தண்ணியக் குடு" என்றது செவலை.

"வெறுந்தண்ணியவா? நீ பேசாமக் கிட. எங்கண்ணனுக்கு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன? எல்லாம் தெரிந்தவள்தான். தேற்றாங்கொட்டையைத் தேடி எடுத்து, பானையின் உட்புறத்தில் உரசி, கலங்கல் அடியில் படியட்டும் என்று மூடி வைத்தாள். அது தெளிகிற நேரத்தில் செம்பைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். கருப்பட்டி இல்லை. பக்கத்து வீட்டிலும் இல்லை. அடுத்த தெருவுக்கு ஓடினாள்.

செவலை பின்னாலேயே ஓடி அவள் சேலையைப் பல்லால் பிடித்தது. "தாயி, அவரு பேச மாட்டேங்கிறாரு. சேறானாலும் பரவாயில்ல, வா."

"வாரேன், வாரேன். சின்ன வயசுலயே அண்ணனுக்குப் பானகம்னா உசுரு. கருப்பட்டி கிடைச்சிருச்சு, சுக்கு மட்டும் கேட்டு வாங்கிட்டு வந்துடுறேன்."

சுக்கு கிடைத்தது. வந்து பார்த்தால் தண்ணீர் பாதிதான் தெளிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் நேரம், என்று காத்தாயி பானைக்குப் பக்கத்திலேயே குந்திக்கொண்டாள். அண்ணன் முதல் வாய் குடித்துவிட்டு என்ன சொல்வான் என்று நினைத்துப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்புகூட வந்தது, பாவம். "தாயி, தாயி" என்று வாசலில் செவலை கத்தியது. "இதோ ஆச்சு!" என்றாள்.

கண்ணாடியாய்த் தெளிந்த தண்ணீர், கருப்பட்டி, புளி, சுக்கு. பளபளவென்று செம்பு. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

வீரணன் மரத்தில் சாய்ந்தபடியே இருந்தான். கண் பாதி திறந்திருந்தது. செவலை அவன் பாதத்தில் தலையை வைத்துக் கிடந்தது.

"அண்ணே, எந்திரிண்ணே. பானகம்." தோளைத் தொட்டாள். "விளையாடாதேண்ணே." செம்பை வாயில் வைத்துச் சாய்த்தாள். பானகம் கடைவாய் வழியே இறங்கி மார்பை நனைத்தது. அவன் விழுங்கவில்லை. காத்தாயி போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

"நான் சொன்னேனே தாயி" என்றது செவலை. அது பேசிய கடைசிப் பேச்சு அதுதான். சொல்லியும் கேட்காத இடத்தில் பேசி என்ன ஆகப்போகிறது என்று வாயை மூடிக்கொண்டது. அதன் குட்டிகளும் அப்புறம் பேசவில்லை.

காத்தாயி செத்துப்போகவில்லை. செத்திருந்தால்தான் தேவலையே! கருமாதி முடிந்த மறு வாரம், உப்பு மூட்டை சுமந்துவந்த ஒருவன் அவள் வாசலில் நின்றான். முன்பின் தெரியாத ஆள். வழி கேட்கத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் அவள் உள்ளே ஓடி, கலங்கல் தண்ணீரை அப்படியே மொண்டு வந்து நீட்டினாள்.

"எதுக்கும்மா சிரமம், வேண்டாம்" என்றான்.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவன் வாங்கி ஒரு மடக்கு குடித்தான். அப்புறம் அண்ணாந்து, மூச்சு விடாமல், கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கிடைக்குமா தாயி?" என்றான்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் காத்தாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னவோ ஏதோ என்று எதிர்வீட்டுக்காரி ஓடிவந்து, அவள் கையிலிருந்த செம்பை வாங்கி, தானே உள்ளே போய் மொண்டு வந்து அந்த ஆளுக்குக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் தன் வீட்டுக்கு வந்தவருக்கும் அவள் அப்படியே செய்தாள்.

அதற்குப் பிறகுதான், நம் வீட்டு வாசலில் யார் வந்து நின்றாலும், என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், முதலில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிடுகிறோம்.