செவலை கேட்ட காவல்

செவலைப் பசு கன்று போட்டு மூன்றே நாள். மாட்டுப் பொங்கலன்று தோட்டமே கலகலவென்று இருந்தது. செவலைக்கு மட்டும் மனசு சரியில்லை. காவல் நாயான கருவாயனை அது கூப்பிட்டது.

"பூவிழி என் பின்னால வராம பார்த்துக்கோ."

கருவாயனுக்குச் சிரிப்பு வந்தது. பூவிழி அந்த வீட்டின் நாலு வயசுக் குழந்தை. செவலையின் கழுத்தைத் தடவியே வளர்ந்தவள். அங்கே மேய்ந்த வான்கோழிக்கு எதிலும் மூக்கை நுழைக்காவிட்டால் தீனி இறங்காது. சாது மாட்டுக்குக் காவலா என்று அது நக்கலடித்தது.

"நான் சாதுதான். என் கால் சாது இல்லையே" என்றது செவலை. "பின்னால நிக்கிறது யாருன்னு எனக்குத் தெரியாது. கன்னுக்குட்டி பக்கம் ஏதாவது அசைஞ்சா, பார்க்கறதுக்குள்ள கால் போயிடும். அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் தாங்கமாட்டேன்."

கருவாயன் சிரிப்பை நிறுத்தியது. தொழுவத்து ஓரமாகப் போய்ப் படுத்துக்கொண்டது.

பானை பொங்கப் போகிற நேரம். பெரியவர்களின் கண்ணெல்லாம் பானை மேலேயே. எல்லா மாட்டுக்கும் மாலை இருக்கிறது, கன்றுக்கு மட்டும் இல்லையே என்று பூவிழிக்குத் தோன்றிவிட்டது. கையில் ஒரு மாலையோடு செவலையின் பின்பக்கமாக நடந்தாள்.

கருவாயன் பாய்ந்து அவள் பாவாடையைக் கவ்வி இழுத்தது. குழந்தை சேற்றில் தொப்பென்று உட்கார்ந்து வீறிட்டாள். அவள் அம்மா கோகிலா விறகுக் கட்டையோடு ஓடி வந்தாள்.

வான்கோழிக்குக் கொண்டாட்டம். செவலையின் வாலுக்குப் பின்னால் போய் நின்றது.

"பாரு, எனக்கு என்ன ஆச்சு?"

அந்த நேரம் பார்த்துப் பானை பொங்கியது. "பொங்கலோ பொங்கல்!" என்று எல்லோரும் கத்த, தட்டுச் சத்தம் காதைப் பிளக்க, செவலை மிரண்டு உதைத்தது. பின்னால் இருந்த வாளி வேலி தாண்டிப் பறந்தது. வான்கோழி தப்பித்தது, அதன் வால் இறகு மூன்று தப்பவில்லை.

வாளி இருந்த இடத்தைக் கோகிலா பார்த்தாள். பூவிழி போக இருந்த இடம் அதுதான். கட்டையைக் கீழே போட்டுவிட்டு மகளை அள்ளிக்கொண்டாள்.

அப்புறம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேலிக்கு வெளியே, செவலையின் முகத்துக்கு நேராக நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கன்றுக்கு மாலையைக் குழந்தையின் அப்பாதான் போட்டார். பூவிழி கை தட்டினாள். அன்றைய பொங்கலில் முதல் உருண்டை கருவாயனுக்குத்தான். வான்கோழி ஒரு வாரம் வாயே திறக்கவில்லை.

எவ்வளவு சாதுவான மாடானாலும், பெரியவர் துணையில்லாமல் குழந்தையை அதன் அருகே விடக் கூடாது.