முதல் கை

“என்றைக்கு விதைக்கட்டும், அம்மா?”

வழிவிட்டான் கேட்டார். வயது அறுபது. கேட்கப்பட்டவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

ஓடைக்கரையில் இடிந்த கல்மண்டபம் ஒன்று உண்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவள் அங்கே வந்து உட்கார்ந்தாள். யார், எந்த ஊர், யாருக்கும் தெரியாது. சாமியம்மா என்று ஜனங்களே பேர் வைத்துக்கொண்டார்கள். வழிவிட்டான் மாதம் ஒருமுறை அரிசி கொண்டுவந்து வைப்பார். ஒன்றும் கேட்டதில்லை.

அன்றைக்குத்தான் கேட்டார்.

அவள் காது கேட்காதவள் மாதிரி இருந்தாள்.

“நாளன்னைக்கு வெள்ளிக்கிழமை. ஆவணிக் கடைசி வெள்ளி. ஊரே என் கையைப் பார்த்து நிக்குது.”

“கைக்கு என்ன?”

கைக்குத்தான் எல்லாம்.

நரியேந்தலில் நெல்லைப் புழுதியில் விதைப்பார்கள். மழைக்கு முந்தி, காய்ந்த மண்ணில் போட்டு மூடிவிட்டு வானத்தைப் பார்ப்பது வழக்கம். கோவில் வயலில் வழிவிட்டான் வீட்டுக் கை முதல் பிடி போடவேண்டும். அன்று சாயங்காலத்துக்குள் நாற்பது வீடும் போட்டு முடித்துவிடும். முந்தினால் குத்தம். ஏழு தலைமுறையாக இப்படித்தான். நாளும் ஒரே நாள்தான், ஆவணிக் கடைசி வெள்ளி. மழையும் மரியாதையாக வந்துகொண்டிருந்தது.

போனதுக்கு முந்தின வருஷம் அவர் விதைத்தார். ஆறாம் நாள் ஒரு மழை. அத்தனையும் முளைத்தது. ஊர் கொண்டாடியது. பிறகு முப்பத்திரண்டு நாள் சொட்டுத் தண்ணீர் இல்லை. பயிர் கருவாடாகிப் போயிற்று.

போன வருஷமும் அதே வெள்ளிக்கிழமை. மழையே காணோம். எறும்பு தின்றது, எலி தின்றது, புறா தின்றது. ஐப்பசியில் ஒரே நாளில் கொட்டிற்று. மிச்சம் இருந்தது அழுகியது.

“வேளாண்மை ஆபீசர் பருவநிலை மாறிப்போச்சுன்னு சொல்றார். காகிதமும் கொடுத்தார். அப்ப எந்த நாள்னு கேட்டேன். சிரிக்கிறார்.”

“நல்ல மனுஷன்.”

“வீட்டுக்கு ஒரு மூட்டை விதைதாம்மா இருக்கு. பொம்பளைங்க காதுல கெடந்ததை வித்து வாங்குனது அது. இதுவும் போனா ஊர் மொத்தமும் திருப்பூருக்கு பஸ் ஏறும். நான் மறுபடி தப்பான நாள்ல போட்டுட்டேன்னா…”

“கையை நீட்டு,” என்றாள்.

நீட்டினார். ரேகை பார்க்கப்போகிறாள் என்று நினைத்தார்.

அவள் எழுந்துபோய் ஒரு நூலை எடுத்து, மஞ்சளில் நனைத்து, அந்த வலது மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினாள்.

காப்பு.

வழிவிட்டானுக்கு வேர்த்துவிட்டது. காப்புக் கட்டினவன் கட்டின இடத்தின் எல்லை தாண்டக்கூடாது. விதையைத் தொடக்கூடாது. கட்டினவரே அவிழ்க்கவேண்டும். இதற்கு மேல் அந்தப் பக்கத்தில் சட்டம் கிடையாது.

“அம்மா! வெள்ளிக்கிழமை…”

“ஓடையெல்லாம் கருவேலமுள்ளு அடைச்சிருக்கு. அருவாள் அந்தத் தூணுக்குப் பின்னால இருக்கு.”

*

வெள்ளிக்கிழமை காலையில் அவர் தங்கை மகன் உமையணன் டி.வி.எஸ்ஸில் வந்து இறங்கினான்.

“என்ன மாமா, இங்க விறகு வெட்டிக்கிட்டு இருக்கீங்க? ஊரே கோவில் வயல்ல நிக்குது!”

வழிவிட்டான் கையைத் தூக்கிக் காட்டினார்.

உமையணன் தலையில் அடித்துக்கொண்டான். “அட பாவமே! காப்புக் கட்டுறதுக்கு வேற நாளே கிடைக்கலையா?”

“அம்மா கட்டுனாங்க.”

சாமியம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் குரலைத் தணித்துக்கொண்டான்.

“எப்பம்மா அவிழ்ப்பீங்க?”

“அவிழ்க்கிறப்ப.”

“அப்ப நாங்க என்ன செய்யட்டும்?”

“என்னையக் கேட்டா? எனக்கு நிலமா நீச்சா?”

“விளங்கிரும்,” என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தான். அது மூன்றாம் உதைக்குத்தான் கிளம்பியது.

வழிவிட்டான் முள்ளை வெட்டினார். வேறென்ன செய்வார்?

*

பத்தாம் நாள் ஒரு நாழிகை மழை பெய்தது.

அவர் மண்டபத்துக்குள் உட்கார்ந்து அழுதார்.

“வெறும் நிலத்துல பெய்யுதே. விதை விழலையே. ஊர் நாசமாப் போச்சே, என்னால.”

“முள்ளு நனைஞ்சா வெட்டச் சுலபம்,” என்றாள்.

கையில் காப்பு இல்லாவிட்டால் அந்த அரிவாளை அவள் மேலேயே வீசியிருப்பார். அவரே பின்னால் சொன்னது இது.

பிறகு வெயில். புரட்டாசியில் சித்திரை வெயில். பதினைந்து நாள், இருபது நாள். முள் வெட்டி வெட்டி உள்ளங்கை தோல் உரிந்தது. மறுபடி வளர்ந்தது. ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. வரவில்லையென்றால் என்ன அர்த்தம்? வாசலில் நின்று தன்னைக் கரித்துக்கொட்டுகிறார்கள் என்று அர்த்தம். வீடுகளைப் பூட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். திருப்பூர் பஸ்ஸில் யார் யார் ஏறியிருப்பார்கள் என்று ஒவ்வொரு பேராக எண்ணிப் பார்த்துக்கொண்டே வெட்டினார்.

முப்பத்தெட்டாம் நாள் பெரிய மழை இறங்கியது. இரண்டு நாள் விடவில்லை. முள் போன ஓடையில் தண்ணீர் முட்டளவு ஓடிற்று.

நாற்பத்திரண்டாம் நாள் சாமியம்மா காப்பை அவிழ்த்தாள்.

“போ.”

அவர் நின்றார்.

“என்ன?”

“நாள் சொல்லலையே.”

“எந்த நாள்?”

“விதைக்கிற நாள்! அதுக்குத்தானே வந்தேன்!”

“எனக்குத் தெரியாது.”

நூலிருந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது. அதையே பார்த்தார்.

“தெரியாதா?”

“மழைக்கே தெரியலை. எனக்கெப்படித் தெரியும்?”

“அப்ப எதுக்கும்மா நாப்பத்திரெண்டு நாள் என்னைக் கட்டிப்போட்டீங்க?”

“அரிசி தீர்ந்துபோச்சு. வரும்போது கொண்டா,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

*

ஊர் இரண்டு கல் தொலைவு. வழி முழுக்க அவளைத் திட்டிக்கொண்டே நடந்தார். அதையெல்லாம் எழுதமுடியாது.

எல்லையில் முதலில் வருவது கோவில் வயல்.

வெறுமையாகக் கிடந்தது. ஒரு முளை இல்லை.

ஆக, நினைத்ததுதான். ஊர் அவர் கைக்குக் காத்திருந்தே கெட்டிருக்கிறது.

அடுத்த வயல் காய்ந்து சருகாக இருந்தது.

சருகா? முளைக்காமல் எப்படிச் சருகாகும்?

அடுத்தது பச்சை. முழங்கால் உயரம். அதற்கடுத்தது விரல் நீளம். அப்புறம் ஒரு சருகு. அப்புறம் கரும்பச்சை. கிழிந்த போர்வையில் கிடைத்த துணியையெல்லாம் வைத்து ஒட்டுப்போட்ட மாதிரி இருந்தது நரியேந்தல்.

உமையணன் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தான்.

“வாங்க மாமா. விரதம் முடிஞ்சிருச்சா? இளைச்சுட்டீங்க.”

“என்னடா இது? யார் முதல் கை போட்டது?”

“யாரும் போடலை. நீங்க வரலைன்னதும் கோவில் வயல்லயே சண்டை. இன்னைக்கே போடணும்னு ஒருத்தன். மழை வரட்டும்னு ஒருத்தன். உச்சிப்பொழுது வரைக்கும் தொண்டை கிழியக் கத்தினோம். கடைசில, போங்கடா, அவனவன் மண்ணு அவனவனுக்குத் தெரியும்னு கலைஞ்சுட்டோம்.”

“குத்தமில்லையா?”

“நாப்பது வீடும் பண்ணியிருக்கு. யாருக்கு யார் தண்டம் போடுறது?”

வழிவிட்டான் வரப்பில் உட்கார்ந்தார்.

“எத்தனை வீட்டுது போச்சு?”

“பதினொண்ணு. என்னதும் போச்சு.”

“உன்னதுமா?”

“அன்னைக்கு ஒரு தூறல் போட்டுச்சுல்ல? மறுநாளே விதைச்சேன். அவசரக்குடுக்கை. முளைச்சுக் காய்ஞ்சிருச்சு. அதுக்கென்ன, இருளாயி அக்கா வயல்ல பயிர் நெருக்கமாக் கெடக்கு. கலைச்சுப் பிடுங்கிக்கன்னு சொல்லியிருக்கு. நாளைக்கு நட ஆரம்பிச்சுருவேன். பெருமாள் வயல்லயும் மிச்சம் இருக்கு. பதினோரு வீட்டுக்கும் போதும்.”

வழிவிட்டான் ஒரு மண்கட்டியை எடுத்து நொறுக்கினார்.

“யாரைத் திட்டுறாங்க?”

“யாரு?”

“அந்தப் பதினோரு வீடும்.”

உமையணன் மண்வெட்டியை ஊன்றி யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.

“யாரைத் திட்டுறது? எங்க வீட்டுல என்னையத்தான் திட்டுறா. பொழுது விடிஞ்சா அடைஞ்சா அதுதான்.”

“என்னை?”

“உங்களையா? உங்களை எதுக்கு? உங்களை நினைக்கிறதுக்கு யாருக்கு மாமா நேரம் இருந்துச்சு?”

வழிவிட்டான் சிரித்தார்.

சிரிப்பு நிற்கவில்லை. வயிறு குலுங்கியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. இரண்டு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எதுவோ, எழுந்து துணியை உதறிக்கொண்டு போயிற்று.

உமையணன் பயந்துவிட்டான். “மாமா! தண்ணி குடிக்கிறீங்களா? அந்தம்மா உங்களுக்குச் சோறு போட்டுச்சா இல்லையா?”

*

இருளாயி வயல் பள்ளத்தில் இருக்கிறது. அவள் புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். நாற்பது வீட்டில் கடைசியாகத்தான் அவளை விதைக்க விடுவார்கள். அதுவும் ஊர் வழக்கம். வழிவிட்டான் வீடுதான் அதைச் சொல்லும்.

ஊரிலேயே உயரமான பயிர் அவளுடையது.

அவர் வரப்பில் வந்து நின்றார். அவள் சேற்றில் குனிந்து பயிரைக் கலைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எப்ப விதைச்சே?”

“நீங்க வராத வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள்.”

“முந்தின நாளா!”

“ஆமா.”

“எனக்கு முன்னாலயா? நான் வரமாட்டேன்னு அன்னைக்கு உனக்குத் தெரியாதே!”

“தெரியாது. பள்ளத்துல கொஞ்சம் ஈரம் இருந்துச்சு. வெள்ளிக்கிழமை வரைக்கும் அது உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?” நிமிர்ந்தாள். இடுப்பில் கை வைத்தாள். “தண்டம் போடணும்னா போடுங்கண்ணே. கட்டுறேன்.”

அவர் பயிரைப் பார்த்தார். தன் கையைப் பார்க்கவில்லை.

பிறகு கேட்டார். வழிவிட்டான் வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் இந்த ஊரில் இன்னொருவரிடம் கேட்ட முதல் யோசனை அதுவாகத்தான் இருக்கும்.

“கோவில் வயல் சும்மா கெடக்கு. இப்ப என்ன செய்யலாம்?”

“பிடுங்கிக்கிட்டுப் போய் நடுங்க. இவ்வளவு கெடக்கு.”

“விதைமூட்டை பிரிக்காம வீட்டுல இருக்கே.”

“இருக்கட்டும். இந்த மழையை நம்பி அதையும் கொட்டுறதா? அடுத்து என்ன பண்ணக் காத்திருக்கோ.”

அவர் அங்கேயே நின்றார்.

இருளாயி ஒரு கட்டுப் பயிரைத் தண்ணீரில் அலசி, சேறு தெறிக்க அவர் காலடியில் போட்டாள்.

“வரப்புல நின்னுக்கிட்டிருந்தா மிச்சம் தானா நடந்து வருமா? இறங்குங்கண்ணே.”