செல்லக்கிளி காட்டிய கொக்கி

“இந்த இஸ்திரி வண்டி ஒரு என்க்ரோச்மென்ட்! நின்னாலும் என்க்ரோச்மென்ட், நகர்ந்தாலும் என்க்ரோச்மென்ட்!” என்று குடியிருப்பின் செயலாளர் வைத்தியலிங்கம் கத்தியது இது நாலாவது முறை. அவர் வரவழைத்த மாநகராட்சி அதிகாரி, வண்டியைத் தூக்க லாரியோடு நின்றார். பதினோரு வருஷமாய் அந்த மதிலோரம்தான் செல்லக்கிளியின் பிழைப்பு. அவள் கையிலிருந்த சட்டையை மடித்து வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“அப்படின்னா என்ன சார்?”

“அதுகூடத் தெரியாதா? அந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லு, லாரியைத் திருப்பி அனுப்பறேன்.” ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியரான வைத்தியலிங்கத்துக்குத் தெருவும் வகுப்பறைதான்.

“வாத்தியார் நீங்க இருக்கறப்ப நான் சொல்றதா? நீங்களே சொல்லுங்க. ஆபீசரும் கேக்கட்டும்.”

கேட்க ஆள் கிடைத்தால் விடுவாரா அவர்? “பழைய பிரெஞ்சு. மூலம், கொக்கி. அடுத்தவன் சொத்துல கொக்கி போட்டு இழுக்கறவன் எவனோ, அவன்தான் ஆக்கிரமிப்பாளன்!”

“கொக்கியா?” செல்லக்கிளி இஸ்திரிப் பெட்டியைத் திறந்து உள்ளே கனன்ற கரியைக் காட்டினாள். “என் பெட்டி கரியில ஓடுது சார். எனக்கு எதுக்குக் கொக்கி?”

பிறகு மின்கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். அதிகாரியும் பார்த்தார். கம்பத்துக் கம்பியில் இரண்டு கொக்கிகள். அங்கிருந்து மதில் தாண்டிப் போன ஒயர், குடியிருப்பின் பிள்ளையார் பந்தலில் பட்டப்பகலிலும் சீரியல் பல்புகளாய் மின்னியது.

“வண்டி இருக்கட்டும்,” என்ற அதிகாரி, மின்வாரியத்துக்குப் போன் போட்டார். செல்லக்கிளி அடுத்த சட்டையை உதறி விரித்தாள்.

வைத்தியலிங்கம் அதிகாரியிடம் குரலைத் தாழ்த்தினார்: “சார், உள்ள வாங்களேன்... ஒரு காபி சாப்பிட்டுக்கிட்டே பேசலாமே, சார்?”