ஆடிக் காற்றும் பண்ணையார் வாசலும்

பண்ணையார் பலவேசத்துக்குச் சின்ன ஆசைதான். ஆடி மாதம், வேப்பமரத்தடி வாசலில் ஓர் இலைகூடக் கிடக்கக் கூடாது!

"சம்பந்தி வரும்போது ஒத்தை இலை கிடந்தாலும் உனக்கு வேலை கிடையாது" என்று வாசல் கூட்டும் மாடத்தியை மிரட்டினார்.

மாடத்தி கூட்டினாள். காற்று இலையைக் கொட்டியது. மறுபடி கூட்டினாள். மறுபடி கொட்டியது.

சம்பந்தி வந்து உட்கார்ந்தார். பண்ணையார் மீசையை முறுக்கினார். "இந்த ஊருல என் உத்தரவு இல்லாம ஒரு இலைகூட அசையாது, சம்பந்தி!"

அந்த நேரம் பார்த்து அவர் தலையிலேயே பொலபொலவென்று இலை கொட்டியது.

"ஏட்டி மாடத்தி! என்ன குப்பை இது? கூட்ட மாட்டியா?"

மாடத்தி விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்றாள்.

"எசமான் உத்தரவு போட்டு விழுந்த இலையாச்சே! அதைக் கூட்டித் தள்ள நான் யாரு?"

சம்பந்திக்குச் சிரிப்பில் புரையேறியது. மறுநாளும் மாடத்திதான் கூட்டினாள். இலையைப் பற்றி மட்டும் பண்ணையார் வாயே திறக்கவில்லை.