ராஜாவின் பாதித் தாடி

அறுபது வயதானவர் கையிலிருந்து தொழில் கருவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதுதான் தப்பு.

வெள்ளாற்று நாடு என்று ஒன்று இருந்தது. அதிவீரன் என்றொரு ராஜா ஆண்டான். அங்கே அறுபது நிறைந்தால் அரண்மனை ஆள் வருவான். சால்வை போர்த்துவான். கலப்பையோ உளியோ, வாங்கிப் போய்விடுவான். அப்புறம் வேலை செய்யக் கூடாது. வரி கிடையாது, தினம் ஒரு படி அரிசி உண்டு. பாட்டன் காலத்து மரியாதை. அப்போது கிழவர்கள் ஊருக்கு நாலு பேர். இப்போது தெருவுக்கு ஒரு தொட்டில், வீட்டுக்கு இரண்டு ஊன்றுகோல். ஆறில் ஒரு பங்காக இருந்த வரி, விளைச்சலில் பாதியாகிவிட்டது. இளவட்டங்கள் ஆற்றைத் தாண்டி ஓடினார்கள்.

வரி வசூலிக்கும் அதிகாரி மருதநம்பி, ராஜா சவரம் செய்துகொள்ளும் நேரம் பார்த்து ஓலை நீட்டினார். "கிழங்களுக்கு அரிசியை நிறுத்துங்கள் மன்னா. வேலை செய்யாதவனுக்குச் சோறு எதற்கு?"

"நாளைக்கு முத்திரை வைக்கிறேன்" என்றான் ராஜா.

நாவிதர் சடையன் கேட்டுக்கொண்டிருந்தார். ராஜாவோடு தினமும் சிரித்துப் பேசுகிற ஆள். மருதநம்பிக்கு அவரைக் கண்டாலே எரியும். சடையன் அவரிடமே போனார்.

"ஐயா, நாளைக் காலை வெயில் முற்றத்துத் தூணைத் தொடுறப்போ எனக்கு அறுபது முடியுதுங்க."

விடுவாரா மருதநம்பி? மறுநாள் வெயில் தூணைத் தொட்டதுதான் தாமதம், சால்வையோடு பாய்ந்து வந்தார். "சட்டம்! கத்தியைக் கீழே வை!"

சவரம் பாதியில் நிற்க, சடையன் கத்தியை வைத்தார். ராஜாவின் வலது கன்னம் பளபள. இடது கன்னத்தில் தாடி.

"சடையா, முடித்துவிட்டுப் போ!"

"கூடாதுங்க மகாராஜா. அறுபது தாண்டின கை."

"வேறு நாவிதனைக் கூப்பிடு!"

"கடைசியா இருந்த பையனும் போன மாசம் ஆத்தைத் தாண்டிட்டான். வரி தாங்கலையாம். என் படி அரிசி எங்கேங்க? ஓ, அதையும் இன்னைக்கு நிறுத்துறீங்களோ?"

ராஜா கன்னத்தைத் தடவினான். "உன் கை நடுங்குகிறதா?"

"நேத்து நடுங்கலை. விடியுறதுக்குள்ள என்னங்க ஆகிடும்?"

"சட்டம் சட்டம்தான் மன்னா!" என்றார் மருதநம்பி.

"அப்போ ஐயாவுக்கும் ஒரு சால்வை கொண்டாங்க. எட்டு வருஷமா அவர் நரைக்கு அவுரிச் சாயம் பூசுறது நான்தானே. காதுக்குப் பின்னால பாருங்க. வயசு அறுபத்திநாலு!"

முற்றமே சிரித்தது. மருதநம்பி பதறினார். "மன்னா, எனக்குத் தெம்பு இருக்கிறது! என்னை உட்கார வைத்துவிடாதீர்கள்!"

"ஊர்ல இருக்கிற கிழவனும் அதைத்தானே சொல்றான்?" என்றார் சடையன்.

ராஜா ஓலையைக் கிழித்தான். அறுபது தாண்டியும் உடம்புக்கு முடிந்தவர் விரும்பினால் வேலை செய்யட்டும், கொஞ்சம் வரி கட்டட்டும். முடியாதவருக்கு அரிசி நிற்காது. இளைஞருக்குப் பழையபடி ஆறில் ஒரு பங்கு. தெம்புள்ள மருதநம்பிக்கும் வேலை கொடுத்தான்: நடக்க முடியாதவர் வீடுகளுக்கு அரிசி மூட்டை சுமப்பது.

கருவிகள் வீடு திரும்பின. ஓடினவர்களும் திரும்பினார்கள். இத்தனையையும் சரிசெய்தது ராஜா இல்லை, மந்திரி இல்லை. போர்த்திய சால்வையைத் திருப்பித் தராமலே மீதித் தாடியை வழித்து முடித்த நாவிதர் சடையன்.